பழங்குடி ஆய்வாளர் ஒருவரின் படிப்பு விவரத்தை எப்படிப் பார்ப்பது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழங்குடி ஆய்வியலில் (Indigenous Studies) மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கனடாவிலோ நியூசிலாந்திலோ உள்ள ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பட்டியலைத் திறந்து பார்ப்பதுதான். பார்த்ததும் தலை சுற்றும். ஒருவர் தாவரவியலில் பிஎச்.டி., இன்னொருவர் சட்டம், மூன்றாமவர் நகரத் திட்டமிடல், நாலாவது ஆள் இளங்கலையில் இசைக் கல்வி படித்திருப்பார். பெயருக்குப் பக்கத்தில் நமக்கு உச்சரிக்கவே வராத ஒரு குடியின் பெயர் வேறு இருக்கும். இவர்களில் யாரிடம் சேர்வது, யாருடைய புத்தகத்தை முதலில் கையில் எடுப்பது, நாம் படித்த படிப்புக்கு இங்கே இடம் உண்டா, ஒன்றும் பிடிபடாது. பி.ஏ. வரலாறு, எம்.ஏ. வரலாறு, பிஎச்.டி. வரலாறு என்று ஒரே கோட்டில் போனால்தான் ஒழுங்காகப் படித்தவர் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இந்தத் துறையில் பட்டத்தின் பெயரைக் கடைசியில் பாருங்கள். இந்த ஆய்வாளர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை முதலில் பாருங்கள். கீழே இருப்பதெல்லாம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான்.

1. முதலில் ஆண்டைப் பாருங்கள்

பட்டத்துக்கு முன்னால் அது வாங்கிய ஆண்டு. ஏனென்றால் இந்தத் துறைக்கு வயது குறைவு. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது, அந்த அலையில்தான் அமெரிக்காவில் இப்படிப்பட்ட துறைகள் முளைத்தன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1969ல் துறை வந்தது, கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகத்திலும் அதே 1969. ஆனால் துறை இருப்பது வேறு, அதிலேயே பிஎச்.டி. வாங்க முடிவது வேறு. அரிசோனா பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில்தான் அந்தப் பட்டத்துக்கு வந்தது, ட்ரென்ட் 1999ல். ஆக அதற்கு முன் முனைவர் ஆன எவருடைய பட்டத்திலும் "பழங்குடி ஆய்வியல்" என்று எழுதியிருக்காது, எழுதியிருக்கவும் முடியாது. 60 வயதைத் தாண்டிய பேராசிரியரின் சிவியில் கல்வியியல், மானிடவியல், சட்டம் என்று இருந்தால் அவர் வெளியாள் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்றும் இந்த ஆண்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. சிலர் 40 வயதுக்கு மேல் முனைவர் பட்டம் வாங்கியிருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் குடும்பங்களில் பள்ளிக்கூடம் என்றாலே பயம் வரக் காரணம் இருந்தது. பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். கனடாவில் இதே மாதிரிப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள், கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில். அதைவிட விசித்திரம், அந்நாட்டின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டம் ("இந்தியர்" என்று அங்கே சொன்னது பழங்குடிகளை). பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய பழங்குடி ஆள் அந்தக் கணமே சட்டப்படி "இந்தியர்" என்ற தகுதியை இழப்பார் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள், சில ஆண்டுகளில் திருத்தினார்கள் என்றாலும் எண்ணம் என்ன என்பது தெரிந்துவிட்டது. படித்தால் உன் ஆட்களில் ஒருவனாக இருக்க முடியாது என்று அரசே சொன்ன இடத்திலிருந்து வந்த ஒருவரின் படிப்பு விவரத்தை நம் மதிப்பெண் பட்டியல் பார்க்கிற கண்ணோடு பார்க்கக் கூடாது.

2. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குடியின் பெயர்

அது அலங்காரத்துக்குப் போட்டதில்லை. கிராமத்துக்குப் போனால் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று பெரியவர் கேட்பாரே, ஏறக்குறைய அந்தக் கேள்விக்கான பதில் அது. நியூசிலாந்தின் பழங்குடியான மாவோரி ஆய்வாளர் தன் இவியின் (குடியின்) பெயரைச் சொல்வார், அமெரிக்காவில் உள்ளவர் தான் எந்தப் பழங்குடி அரசின் (அங்கே குடிகளுக்குத் தனி அரசு உண்டு) குடிமகள் என்று சொல்வார். பொத்தாம் பொதுவாக "பழங்குடிப் பின்னணி உடையவர்" என்று மட்டும் போட்டு எந்தக் குடி, எந்த ஊர் என்று சொல்லாமல் விட்டிருந்தால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பொய்யாகப் பழங்குடி அடையாளம் சொல்லி வேலை வாங்கிய சர்ச்சைகள் கனடாவில் வரிசையாக வந்தன, அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் வெறும் சுய அறிவிப்பை ஏற்பதை நிறுத்திவிட்டுச் சான்று கேட்கத் தொடங்கின.

டிஎன்ஏ சோதனை எடுத்து "நானும் பழங்குடிதான்" என்று சொல்வதும் இங்கே எடுபடாது. பழங்குடி ஆய்வாளர் கிம் டால்பேர் 2013ல் ஒரு முழுப் புத்தகமே இதைப் பற்றி எழுதினார். மரபணு ஒருவரைக் குடிமகளாக்காது, குடிதான் தன் ஆட்கள் யார் என்று முடிவு செய்யும் என்பது அவர் நிலை.

குடியின் பெயரே போடாதவர்கள் பெரும்பாலும் பழங்குடி அல்லாத ஆய்வாளர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்லவர்கள் தாங்கள் குடியேறிகளின் வழிவந்தவர்கள் என்று வெளிப்படையாகவே எழுதுவார்கள்.

3. ஒரே குடும்பம், மூன்று தலைமுறை: டெலோரியாக்கள்

பட்டங்களை எப்படிப் பார்ப்பது என்று விளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை, அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா டெலோரியா (Ella Deloria) 1889ல் பிறந்தவர், யாங்க்டன் டகோட்டா குடியைச் சேர்ந்த குடும்பம். ஓபர்லினில் படித்து, பிறகு நியூயார்க்கில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் 1915ல் இளங்கலை முடித்தார். அதோடு சரி, அதற்கு மேல் பட்டம் இல்லை. கொலம்பியாவில் ஃபிரான்ஸ் போவாஸைச் சந்தித்தார், அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கிற அதே போவாஸ். டகோட்டா மொழிக்கான இலக்கணத்தை இருவரும் சேர்ந்து 1941ல் வெளியிட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கதைகளைக் கேட்டு எழுதியவர், மூலத்தைச் சரிபார்த்தவர், மொழி தாய்ப்பாலோடு வந்தவர் எல்லாமே எல்லா டெலோரியாதான். ஆனால் நிரந்தரப் பேராசிரியர் வேலை அவருக்குக் கிடைக்கவே இல்லை. சிவியை மட்டும் பார்த்தால் "இளங்கலை, 1915" என்று ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியை நம்பினால் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அடுத்தது அவருடைய தம்பி மகன் வைன் டெலோரியா ஜூனியர். அமெரிக்க மரைன் படையில் சேவை, 1958ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, 1963ல் இறையியல் பட்டம் (அப்பா பாதிரியார்), 1964 முதல் 1967 வரை அமெரிக்க இந்தியர் தேசியப் பேரவையின் செயல் இயக்குநர், 1970ல் கொலராடோவில் சட்டம். இவரிடமும் பிஎச்.டி. இல்லை. கவனியுங்கள், இறையியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அந்த மூன்று வருட வேலை இருக்கிறது. பழங்குடி அரசுகள் வாஷிங்டனில் எதற்கெல்லாம் தோற்றுப்போகின்றன என்று தினமும் பார்த்தவர், ஒப்பந்தங்களைப் படிக்கத் தெரிந்த ஆள் நம் பக்கம் வேண்டும் என்று நினைத்து வக்கீல் படிப்புக்குப் போனார். சட்டப் பட்டம் வாங்குவதற்கு முந்தைய வருடம், 1969ல், அவர் எழுதிய புத்தகத்தில் மானிடவியலாளர்களை ஓர் அத்தியாயம் முழுக்க வெளுத்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு கோடையிலும் வந்து, குறிப்பெடுத்து, போய்ப் புத்தகம் போடுகிறீர்களே, அதனால் எங்கள் மக்களுக்கு என்ன கிடைத்தது என்பது கேள்வி. சொந்த அத்தையே மானிடவியலோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் என்பதையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோபத்தின் எடை இன்னும் கூடும். 1978ல் அரிசோனா பல்கலைக்கழகம் போய் அமெரிக்க இந்திய ஆய்வியலில் முதுகலைப் படிப்பை உருவாக்கினார். பிஎச்.டி. இல்லாத ஒருவர் போட்ட அடித்தளத்தில் பிற்பாடு மற்றவர்கள் பிஎச்.டி. வாங்கினார்கள்!

மூன்றாவது அவருடைய மகன் ஃபிலிப் டெலோரியா. இசைக் கல்வியில் இளங்கலை, இதழியலில் முதுகலை, 1994ல் யேல் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஆய்வியலில் பிஎச்.டி. 2018ல் ஹார்வர்டு போனார், அமெரிக்கப் பழங்குடி வரலாற்றுக்கு அங்கே நிரந்தர நியமனம் பெற்ற முதல் பேராசிரியர். 1636ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம் அது.

மூவரையும் பட்டத்தின் எடையை வைத்து வரிசைப்படுத்தினால் ஃபிலிப் மேலே, எல்லா கீழே. அந்த வரிசையை வைத்துக்கொண்டு புத்தகம் தேர்ந்தெடுக்கலாமா என்று நீங்களே பாருங்கள். டகோட்டா உறவுமுறை பற்றித் தெரிய வேண்டுமானால் நான் எல்லாவிடம்தான் போவேன்.

4. பட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி

நம் ஊரில் இரண்டு பட்டங்களுக்கு நடுவில் சில வருடங்கள் காலியாக இருந்தால் நேர்முகத் தேர்வில் துருவித் துருவிக் கேட்பார்கள். இங்கே அந்த இடைவெளிதான் பெரும்பாலும் சாரம். டால்பேரையே எடுங்கள். எம்ஐடியில் நகரத் திட்டமிடலில் முதுகலை முடித்தவர், பல வருடங்கள் அரசு நிறுவனங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் சுற்றுச்சூழல் திட்ட வேலை செய்தார். மரபணு ஆராய்ச்சி பழங்குடி அரசுகளை என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்கு வகுப்பறையில் தோன்றவில்லை, அந்த வேலையில் தோன்றியது. பிறகுதான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் 2005ல் பிஎச்.டி.

லிண்டா துஹிவாய் ஸ்மித்தும் அப்படித்தான். நாட்டி அவா, நாட்டி போரோ குடிகளைச் சேர்ந்த மாவோரி. அப்பா ஹிரினி மோகோ மீட் மானிடவியலாளர், அவர் அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது மகள் அங்கே பள்ளிக்கூடம் போனார். ஊர் திரும்பி ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 'நா தமதோவா' என்ற மாவோரி இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தார். 1972ல் 30,000க்கு மேற்பட்ட கையெழுத்தோடு மாவோரி மொழிக்காக நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுபோன இயக்கம் அது. அப்புறம் பள்ளி ஆசிரியர் வேலை, மாவோரி வழிப் பள்ளிகளைத் தொடங்குவதில் பங்கு, அதெல்லாம் ஆன பிறகு 1996ல் முனைவர் பட்டம். மூன்று வருடம் கழித்து, 1999ல், ஆராய்ச்சி முறைகளைக் காலனியத்திலிருந்து மீட்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்று இந்தத் துறையில் நுழைகிற யாரும் தாண்டிப் போக முடியாத ஒன்று. அவருடைய பட்டம் கல்வியியல். இயக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் நீக்கிவிட்டு அந்தப் பட்டத்தை மட்டும் பார்த்தால் புத்தகம் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

எனவே சிவி பார்க்கும்போது பட்டங்களை ஒரு பக்கமும் நடுவில் செய்த வேலைகளை இன்னொரு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கம் முழுக்கக் காலியாக இருந்தால் அவர் உங்களுக்கான கைடா என்று இன்னொரு முறை யோசியுங்கள். இது என் தனிப்பட்ட கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

5. அவர் படித்த துறை எதைச் சொல்லித்தராமல் விட்டது?

ராபின் வால் கிம்மரர் பொட்டவாட்டமி குடியைச் சேர்ந்த தாவரவியலாளர். நியூயார்க் மாநிலத்தின் வனவியல் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டதற்கு, ஊதாநிற ஆஸ்டரும் மஞ்சள் கோல்டன்ராடும் சேர்ந்து பூக்கும்போது ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாராம். அது அறிவியல் ஆகாது, அழகு வேண்டுமானால் ஓவியம் படிக்கப் போ என்று பதில் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். விஸ்கான்சினில் 1983ல் பிஎச்.டி. முடித்து, பல வருடங்கள் கழித்து அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார்: இரண்டு நிறமும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அதிகம் வருகின்றன. இந்த ஆய்வாளர்கள் பலருடைய முக்கியமான வேலை, தங்கள் துறை மூடிய கதவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் இந்த உரசல் தெரியும். அதைத் தேடிப் படியுங்கள்.

6. ஆய்வேட்டையே திறந்து பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் அரை மணி நேர வேலைதான், இலவசமும்கூட. ஆக்லாந்து, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன, கனடாவின் தேசிய நூலகத்திலும் தேடலாம்.

நன்றியுரையில் ஆரம்பியுங்கள். அதில் பெரியவர்களின் பெயர், ஊரின் பெயர் வருகிறதா? அடுத்து நெறிமுறைப் பகுதி. கனடாவில் ஆராய்ச்சி நெறிமுறையின் 9ஆம் அத்தியாயம், பழங்குடி மக்களோடு ஆராய்ச்சி செய்பவர் அந்தச் சமூகத்தோடு கலந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது. தரவின் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் சமூகத்திடமே இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை அந்நாட்டு முதற்குடிகள் 1998லேயே வகுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று இதற்கென்றே தனி நெறிமுறை வைத்திருக்கிறது. உங்கள் ஆள் சேகரித்த ஒலிப்பதிவுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி.

பிறகு மொழி. நியூசிலாந்தில் மாவோரி மொழியிலேயே ஆய்வேடு எழுதிச் சமர்ப்பிக்க முடியும். டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2010ல் மிக்மா குடியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் தன் முனைவர் ஆய்வேட்டை மிக்மா மொழியிலேயே எழுதினார், வாய்மொழித் தேர்வு வளாகத்தில் நடக்காமல் அவருடைய சமூகத்துக்குள்ளேயே நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2015ல் நிஸ்கா குடியைச் சேர்ந்த ஒரு கட்டடக் கலைஞர் கிட்டத்தட்ட நிறுத்தற்குறியே இல்லாமல் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். (நம் ஓலைச்சுவடிகளில் எங்கே இருந்தது நிறுத்தற்குறி என்று கேட்கத் தோன்றுகிறது.)

கடைசியாக, ஆய்வேட்டை மதிப்பிடும் கமிட்டியில் யார் யார். சில இடங்களில் பட்டமே இல்லாத சமூகப் பெரியவர்களும் உட்காருவார்கள். ட்ரென்ட்டில் மரபறிவை அளவுகோலாக வைத்துப் பெரியவர்களைப் பேராசிரியராகவே நியமித்த வழக்கம் உண்டு.

7. இனி உங்கள் விண்ணப்பம்

இவ்வளவும் பார்த்தால் ஒன்று தெளிவாகியிருக்கும்: உங்கள் இளங்கலை எதுவாக இருந்தாலும் அது தடையில்லை. சட்டம், வனவியல், மொழியியல், சமூகப்பணி, கணினி எல்லாவற்றுக்கும் முன்னுதாரணம் காட்டலாம். ஆனால் நீங்கள் யார் என்பதை நோக்க அறிக்கையின் (Statement of Purpose) முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் இருளரோ, தோடரோ, பணியரோ என்றால் "இந்திய மாணவன்" என்று மட்டும் எழுதி அதை மறைக்க வேண்டாம், அங்கே அதற்கு மதிப்பு வேறு. நம்மைப் போலப் பழங்குடி அல்லாத ஆள் என்றால் அதையும் நேராகச் சொல்லி, அப்படி இருந்தும் ஏன் இந்தப் படிப்பு, யாரோடு ஏற்கனவே வேலை செய்திருக்கிறேன் என்று எழுதுங்கள். "நாங்களும் தொன்மையான குடிதானே" என்ற வாதத்தைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், அதைப் பலமுறை கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி இன்னும் சிக்கல்: நிலம் இழந்து வந்தவர்கள், இன்னொருவர் இழந்த நிலத்தில் வாழ்கிறார்கள். அதைப் பூசி மெழுகாமல் எழுதுகிற விண்ணப்பம் தனித்துத் தெரியும்.

எங்கே என்றால், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும்தான் பெரிய இடங்கள். 2007ல் ஐ.நா.வின் பழங்குடி உரிமைப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்ததும் இதே நான்கு நாடுகள்தான், பிற்பாடு மனம் மாறினார்கள். நியூசிலாந்தில் பிஎச்.டி. படிக்கும் வெளிநாட்டவருக்குப் பொதுவாக உள்நாட்டு மாணவர் கட்டணமே என்பது நமக்குப் பெரிய சலுகை. நார்வேயின் ட்ரோம்சோவில் ஆங்கில வழியில் இரண்டு வருட முதுகலை இருக்கிறது, ஆனால் 2023லிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் வைத்துவிட்டார்கள், பழைய வலைப்பதிவுகளில் "நார்வேயில் படிப்பு இலவசம்" என்று படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். அவருடைய ஆய்வேட்டில் எந்தப் பகுதி உங்கள் கேள்வியைத் தொட்டது என்று இரண்டு வரி, உங்கள் கேள்வி என்ன என்று மூன்று வரி, நீங்கள் யார் என்று ஒரு வரி. "உங்கள் மக்களைப் பற்றி ஆராய வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1969லேயே வைன் டெலோரியா அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.